பிழிந்து குடிக்கும் வடிகட்டி: பூம்பாறையில் மூன்று பயணம், ஒன்பது குப்பி

ஓடைத் தண்ணீரைப் பிழிந்து வடிக்கும் இந்தக் கைவடிகட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு: வாங்கலாம். ஆனால் அதோடு தருகிற பையை நம்பி மலை ஏறாதீர்கள். பொறுமை இருப்பவர்கள் மீதியையும் படியுங்கள். மூன்று பயணம், ஒன்பது சோதனைக் குப்பி, ஒரு நாள் வயிற்றுப்போக்கு என்று செலவழித்துத் தெரிந்துகொண்டது இது.

எனக்கு ஊர் கோயம்புத்தூர். 11 வருஷமாகத் தண்ணீர் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. யார் வீட்டு போர் தண்ணீர், எந்தப் பள்ளிக்கூடத்துத் தொட்டி என்று நாள் முழுக்கக் குப்பிகளோடுதான் பிழைப்பு. போதாததற்குச் சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு. அதனால் வெளியே போனால் தண்ணீர் விஷயத்தில் நான் எல்லோரையும் படுத்துவதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. "நாங்கெல்லாம் வாய்க்கா தண்ணி குடிச்சு வளந்தவிங்க அம்மிணி" என்பார் அத்தை. இருக்கலாம். அவர் குடித்த வாய்க்காலுக்கு மேலே அப்போது எத்தனை வீடு, எத்தனை கழிப்பறைக் குழி இருந்தது என்று நான் கேட்பதில்லை. குடும்பம் நடத்த வேண்டுமே.

நாங்கள் கூடாரம் போடுவது கொடைக்கானல் மலையில் பூம்பாறைக்கு அந்தப் பக்கம், ஒரு தனியார் தோட்டத்தில். காட்டுக்குள் இல்லை, அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஐந்து பேர்: நான், வீட்டுக்காரர், அத்தை, நங்கையா (அண்ணி), பத்து வயசு மகள். மூன்று நாளைக்கு, குடிக்க மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலே 45 லிட்டர். சமையல், கை கழுவல், மற்றது எல்லாம் தனி. கொடைக்கானலுக்கு 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோக முடியாது, சோதனைச்சாவடியிலேயே பார்க்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸும் எடுக்க வேண்டும். பெரிய கேன்களை அடுக்கினால் காரில் அத்தைக்கு இடமில்லை. அத்தையா கேனா என்ற கேள்வி வந்தபோதுதான் இந்த வடிகட்டியை ஆர்டர் போட்டேன். எனக்கு 2,900 ரூபாய் ஆனது. கம்பெனிப் பேரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற நாலைந்து சாமான்கள் சந்தையில் இருக்கின்றன, நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு நீல உருளை. உள்ளே சேமியாவை வளைத்துக் கட்டிவைத்தது போல நூற்றுக்கணக்கான வெள்ளை இழைகள். ஒவ்வொரு இழையும் உள்ளே கூடான குழாய், அதன் சுவரில் 0.1 மைக்ரான் துளைகள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பையில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, உருளையை அதன் வாயில் மரை போட்டுத் திருகி, பையைப் பிழிந்தால் மறுமுனையில் தண்ணீர் வரும். வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலை அரை மைக்ரானுக்கு மேல் இருக்கும். ஜியார்டியா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. இவை எதுவும் இந்தத் துளைக்குள் நுழையாது. ஆனால் மஞ்சள் காமாலை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஒரு மைக்ரானில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அது தாராளமாகத் தாண்டிப் போகும். "99.9999 சதவீதம்" என்று பெட்டியில் அச்சடித்திருப்பது பாக்டீரியாவுக்கு. வைரஸைப் பற்றிப் பெட்டியில் ஒரு வார்த்தை கிடையாது. அந்த மௌனத்துக்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

இன்னொன்றும் பெட்டியில் இல்லை. பூம்பாறைப் பக்கம் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. மருந்தடித்த வயலைக் கழுவிக்கொண்டு வரும் ஓடையை இந்த வடிகட்டி ஒன்றும் செய்யாது. பூச்சிமருந்து தண்ணீரில் கரைந்திருக்கிறது, அதைத் துளையால் பிடிக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஆகவே வயலுக்கு மேலே ஏறித்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். நாங்கள் கால் மணி நேரம் ஏறினோம்.

முதல் பயணம் ஆயுத பூஜை லீவில். முந்தின நாள் மழை, ஓடை டீத்தண்ணி நிறத்தில் ஓடியது. அப்படியே பிழிந்திருந்தால் இழைகள் அரை மணி நேரத்தில் சேற்றால் அடைத்திருக்கும். குண்டாவில் பிடித்து ஒரு மணி நேரம் தெளிய விட்டு, அத்தையின் பழைய நூல் சேலைத் துண்டை நான்காய் மடித்து அதில் ஊற்றி, பிறகுதான் பைக்கு மாற்றினேன். சேலை என்றதும் சிரிக்காதீர்கள். வங்கதேசத்து மத்லப் பகுதியில் அமெரிக்க நுண்ணுயிர் ஆய்வாளர் ரீட்டா கால்வெல் குழுவினர் கிராமத்துப் பெண்களைப் பழைய சேலையை மடித்துத் தண்ணீர் வடிக்க வைத்துப் பார்த்தார்கள். 2003-இல் வந்த அவர்கள் முடிவின்படி காலரா 48 சதவீதம் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளில் ஒட்டிக்கொள்ளும், சேலை அந்தப் பூச்சிகளைப் பிடித்துவிடுகிறது. துவைத்துத் துவைத்து நூல் பிசிர் விட்ட சேலைதான் நன்றாக வடிக்கும், புதுச் சேலையில் அந்த அளவுக்கு இல்லை. என் வேலைக்கு அது வடிகட்டியைக் காப்பாற்றும் வடிகட்டி, அவ்வளவுதான்.

தெளிந்த தண்ணீரைப் பிழிந்தபோது ஒரு லிட்டருக்கு இரண்டு நிமிஷத்துக்கும் குறைவாகவே ஆனது. ருசி நன்றாக இருந்தது. எல்லோரும் குடித்தோம். நான் தொழில்புத்தியில் இரண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பிகளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இது நம் நாட்டில் கண்டுபிடித்த சோதனை. குவாலியர் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் மஞ்சாவும் அவருடன் இருந்தவர்களும் 1982-இல் வெளியிட்டது. மலத்தோடு வருகிற பாக்டீரியா தண்ணீரில் இருந்தால் குப்பிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துப்போகும். மின்சாரமும் மைக்ராஸ்கோப்பும் தேவையில்லை, கண் இருந்தால் போதும். ஆனால் சூடு வேண்டும், பூம்பாறைக் குளிரில் அது வேலை செய்யாது. அதனால் கிளம்பும் நாள் காலையில் பிடித்துத் துணியில் சுற்றி எடுத்து வந்து, அன்றைக்கே ஆய்வுக்கூடத்து இன்குபேட்டரில் வைத்தேன்.

மறுநாள் காலை ஓடைக் குப்பி மை மாதிரி கறுப்பு. எதிர்பார்த்ததுதான், மேலே காட்டுமாடு திரிகிற இடம். ஆனால் வடிகட்டிய குப்பியும் கறுப்பு.

அன்றைக்குத்தான் எனக்கு வயிறும் போனது. மேஜைமேல் இரண்டு கறுப்புக் குப்பி, நான் ஓட்டமும் நடையும். கூட வேலை செய்கிறவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

அன்று இரவே ஒற்றை நட்சத்திரத்தில் விமர்சனம் எழுதி வைத்துவிட்டேன். போட்டிருந்தால் பாவம் சேர்ந்திருக்கும். ஏனோ போடவில்லை. முதலில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இந்த மாதிரி வடிகட்டியை நன்றாக நனைத்து, சுத்தமான பக்கத்தில் வாயை வைத்து ஊதினால் காற்று போகக் கூடாது. நனைந்த நுண்துளைகள் அவ்வளவு இறுக்கமாகத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கன்னம் வலிக்க ஊதினேன், போகவில்லை. இழை சரியாக இருக்கிறது. அப்புறம் எப்படி?

பொங்கலுக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை நாலு குப்பி: ஓடைத் தண்ணீர் ஒன்று, வடிகட்டியின் வாயிலிருந்து நேராகப் பிடித்தது ஒன்று, வடிகட்டி, பிறகு பாட்டிலில் நிரப்பியது ஒன்று, கொதிக்க வைத்து ஆற்றியது ஒன்று. வந்து பார்த்தால் நேராகப் பிடித்ததும் கொதித்ததும் தெளிவு, 48 மணி நேரம் ஆகியும் நிறம் மாறவில்லை. ஓடையும் பாட்டிலும் கறுப்பு. ஆக, குற்றவாளி பாட்டில்.

சமையலறையில் நின்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, பாட்டில்ல தண்ணி பிடிக்கறதுக்கு முந்தி என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்ணுவேன், ரெண்டு தடவ நல்லா அலசிட்டுத்தான் பிடிச்சேன்."

"எந்தத் தண்ணில அலசுனீங்க?"

"ஓடைலதான்."

கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். குடம் ஆனாலும் சொம்பு ஆனாலும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குலுக்கி, வீசி ஊற்றிவிட்டு நிரப்புவதுதான் நம் கைக்குத் தெரிந்த சுத்தம். என் வேலையிலேகூட உப்பு, கடினத்தன்மை பார்க்க எடுக்கும் பாட்டிலை அந்தத் தண்ணீரிலேயே அலசித்தான் பிடிப்போம். கிருமி பார்க்கும் பாட்டிலை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அலசக் கூடாது. புதுப் பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை காய்ந்ததுண்டு. அலசிக் கவிழ்த்த பாட்டிலில் கொஞ்சம் தண்ணீராவது ஒட்டிக்கொண்டு நிற்கும். 2,900 ரூபாய் வடிகட்டியில் வந்த தண்ணீரை அந்த ஓடைத் தண்ணீர் மேல் ஊற்றியிருக்கிறோம்.

இன்னொரு வழியும் இருந்தது. வீட்டுக் குழாயடியில் பையை நனைத்துப் பிழிந்து பார்த்தேன். வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஈரம் கழுத்துப் பக்கம் சேர்கிறது, மரை மேல் வழிகிறது, நீல உருளையில் ஒரு கோடாக இறங்கி அடி விளிம்பில் தொங்குகிறது. அடுத்த பிழியில் சுத்தத் தண்ணீரோடு சேர்ந்து பாட்டிலுக்குள் விழுகிறது. பையைத் தொட்ட அதே ஈரக் கையால் பாட்டில் மூடியைத் திறப்பது அதற்கு மேல். கழுத்தில் ஒரு காய்ந்த துண்டைச் சுற்றிக்கொண்டால் அந்தச் சொட்டு நின்றுவிடுகிறது. ஓடைக்கு ஒருவர், பாட்டிலுக்கு ஒருவர் என்று ஆளைப் பிரித்துவிட்டோம். பாட்டில் வேலை மகளுக்கு. அப்பா கிட்டே வந்தாலே "அலசாதீங்கப்பா" என்று கத்துகிறாள்.

இனி குறைகள். பை, பொங்கல் பயணத்தின் இரண்டாம் நாளிலேயே ஓரத் தையலில் கிழிந்தது. கொஞ்சம் கோபமாகப் பிழிந்தேன், உண்மைதான், ஆனாலும் இரண்டாம் நாளா? விற்றவர்களுக்கு எழுதினேன், "அதிக அழுத்தம் கொடுத்தால் பொறுப்பல்ல" என்று பதில். பிழியும் பையை அழுத்தாமல் தாலாட்டவா முடியும்? குளிர்பான பாட்டிலின் மரையும் இந்த உருளைக்குச் சரியாகச் சேரும், அதையே பையாக வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சேரும். ஆனால் கொடைக்கானலுக்கு அந்த பாட்டிலைக் கொண்டுபோக முடியாதே. கெட்டியான பை ஒன்று தனியாக வாங்கிவிடுங்கள்.

அடுத்தது பனி. நனைந்த வடிகட்டிக்குள் தண்ணீர் உறைந்தால் இழைகள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜனவரியில் பூம்பாறையில் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. இரவில் அதை உதறி, பாலித்தீன் உறையில் போட்டு, கம்பளிக்குள் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். மறந்துபோய் வெளியே விட்டு உறைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும்.

வீட்டுக்கு வந்ததும் கூடக் கொடுத்த பெரிய சிரிஞ்சால் பின்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் கழுவி வைத்ததில் இரண்டு மாதத்தில் உப்புப் படிந்து தண்ணீர் நூலாக வந்தது. வினிகரில் அரை மணி ஊற வைத்ததும் சரியானது. கழுவ சிறுவாணித் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் நல்லது.

வைரஸுக்கு என்ன செய்வது? வடிகட்டிய பிறகு குளோரின் மாத்திரை. வடிகட்டியவுடன் போட்டால் முழுப் பலனும் உண்டு, கலங்கல் தண்ணீரில் போட்டால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். அட்டையில் எத்தனை லிட்டருக்கு என்று படியுங்கள். 20 லிட்டர் குடத்துக்கான மாத்திரையும் கடையில் இருக்கிறது, அதை ஒரு லிட்டரில் போட்டால் நீச்சல் குளத்தைக் குடித்த மாதிரிதான். போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். வாடை பிடிக்காத மகளுக்கு அதன் பிறகு எலுமிச்சை பிழிந்து தருகிறேன், அதில் உள்ள வைட்டமின் சி குளோரினை அடக்கிவிடும். முதலிலேயே பிழிந்துவிட்டால் கிருமியைக் கொல்லக் குளோரின் மிஞ்சாது, நங்கையா ஒரு தடவை அப்படித்தான் செய்தார். காலையில் மட்டும் கொதிக்க வைக்கிறோம். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அதனால் கொப்பளித்த பிறகும் 3 நிமிஷம் விடுகிறேன். கேஸ் வீண் என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

வடிகட்டியோடு சலுகை விலையில் வாங்கிய மற்றச் சாமான்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி மண்தோண்டி, 650 ரூபாய். வேர் நிறைந்த மலை மண்ணில் இரண்டாவது குத்திலேயே வளைந்தது. தோட்டத்தில் கடன் வாங்கிய களைக்கொத்து நாலு கொத்தில் வேலையை முடித்தது. கேரட் களை எடுக்கிறவர்கள் கையில் இருப்பதுதான் அந்த மண்ணுக்கான கருவி. மலம் கழிக்கத் தோண்டும் குழி ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம். அதைவிட ஆழமாகத் தோண்டினால் மக்க வைக்கும் உயிர்கள் குறைந்த மண்ணுக்குப் போய்விடுவோம். ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, அதாவது எண்பது தப்படி. வெள்ளைக்காரர்கள் எழுதுகிற முகாம் குறிப்புகளில் பாதி, துடைத்த காகிதத்தை எங்கே புதைப்பது என்பதுதான். நமக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் தண்ணீர்க் கணக்கு உண்டு. கழுவ ஆளுக்கு அரை லிட்டர், அதை வடிகட்ட வேண்டியதில்லை. ஓடையில் போய்க் கழுவுகிற பழக்கத்தை மட்டும் விட வேண்டும், கீழே இன்னொருவர் குடம் வைத்திருப்பார். நாப்கினைப் புதைக்காதீர்கள், மக்காது. ஒரு மூடி போட்ட டப்பாவில் திரும்ப ஊருக்கே எடுத்து வருகிறோம்.

தோட்டத்தில் தகரக் கழிப்பறையும் ஒன்று உண்டு. மூன்றாவது பயணத்தில்தான் கவனித்தேன், அதன் குழி மேட்டில் இருக்கிறது, முகாமுக்குக் குழாய் வரும் ஊற்று அதற்கு நேர் பள்ளத்தில். அந்தக் குழாய்த் தண்ணீரையும் குப்பியில் பிடித்தேன். என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா. உரிமையாளரிடம் குப்பியின் படத்தைக் காட்டினேன், ஊற்றுக்கு மேற்கே புதுக் குழி வெட்டுவதாகச் சொன்னார். வெட்டினாரா என்று அடுத்த தடவை பார்க்க வேண்டும்.

கை கழுவ, மூடியில் ஆணியால் துளை போட்ட ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கிளையில் கவிழ்த்துக் கட்டி, பக்கத்தில் பழைய சாக்ஸில் சோப்பைப் போட்டுத் தொங்கவிட்டேன். செலவு ஒன்றுமில்லை. சானிடைசர் பாட்டிலை நம்பி வருகிறவர்களுக்கு: வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸை அது சரியாகக் கொல்லாது, சோப்பும் தண்ணீரும் கழுவித் தள்ளிவிடும். முதல் பயணத்தில் என் வயிறு போனது பாட்டிலாலா, கையாலா, நங்கையா கட்டிக் கொண்டுவந்த தயிர்சாதத்தாலா என்று இன்றுவரை வழக்கு தீரவில்லை.

மார்ச்சில் போன மூன்றாவது பயணத்தில் மூன்று குப்பி. ஓடை கறுப்பு, முகாம் குழாய் கறுப்பு, வடிகட்டி, பிறகு பாட்டிலில் பிடித்தது இரண்டு நாள் கழித்தும் தெளிவு. மூன்றையும் படம் எடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன். கறுப்புக் குப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதையா நாங்க குடிச்சோம்?" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அது கெடக்குது அம்மிணி. அந்த மடக்கு நாற்காலி, நடுவுல ஓட்டை வெச்சது, அதென்ன வெல?"

குழிக்கு மேலே போட்டு உட்காரும் மடக்குக் கழிப்பறை நாற்காலி. 1,400 ரூபாய், தண்டச் செலவு என்று நான் நினைத்தது. முட்டிவலிக்காரரான அவர் மூன்று பயணமும் அதைத்தான் உபயோகித்தார். வெள்ளகோவிலில் அவர் அக்காவுக்கு ஒன்று வேண்டுமாம், பண்டிகைக்குள் வந்துவிட வேண்டுமாம். ஆர்டர் போட்டாயிற்று.